மூன்றரை விநாடி ராட்சசன்

கிங்டா கா கடைசியாக ஓடியது 2024 நவம்பர் 10 அன்று. அன்றைக்கு அதில் ஏறி இறங்கியவர்களிடம், "இதுதான் கடைசி, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பூங்கா நிர்வாகம் சொல்லவில்லை. மூடப்போகிறார்கள் என்று வதந்தி உலவியது உண்மைதான். ஆனால் அறிவிப்பு வந்தது நான்கு நாள் கழித்து, நவம்பர் 14இல். அதற்குள் கதவைச் சாத்தியாகிவிட்டது. உலகிலேயே உயரமான ரோலர் கோஸ்டருக்கு ஒரு வழியனுப்பு விழாகூட இல்லை. விசிறிகள் கொதித்துப்போனார்கள். என்னைக் கேட்டால், நியாயம் அவர்கள் பக்கம்தான்.

யார் இந்தக் கிங்டா கா? அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜாக்சன் என்றொரு ஊர். அங்கே சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அதில் 2005 மே மாதம் திறக்கப்பட்டது இந்த ரோலர் கோஸ்டர். உயரம் 139 மீட்டர். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 46 மாடி! வேகம் மணிக்கு 206 கிலோமீட்டர். திறந்தபோது உயரம், வேகம் இரண்டிலும் அதுவே உலகில் முதலிடம். வேகத்தில் 2010இல் அபுதாபியின் ஃபார்முலா ரோசா அதை முந்தியது. உயரத்தில் மட்டும் மூடும் நாள்வரை யாராலும் முந்த முடியவில்லை.

இவ்வளவு பெரிய ராட்சசனின் பாதையும் ரொம்ப நீளமாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மொத்தம் 950 மீட்டர்தான். தரையில் நேராக ஓர் ஓட்டம், அப்படியே செங்குத்தாக வானத்தை நோக்கி ஏற்றம், உச்சியில் ஒரு வளைவு, முக்கால் சுற்று முறுக்கிக்கொண்டு செங்குத்தாக இறக்கம், பிறகு 39 மீட்டர் உயரத்தில் ஒரு மேடு, பிரேக். அவ்வளவுதான். கிளம்பியதிலிருந்து அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இறங்கிய கையோடு மறுபடி வரிசையின் வாலில் போய் நின்றவர்களும் உண்டு.

அந்த அரை நிமிடத்திலும் இயந்திரம் வேலை செய்தது முதல் 3.5 விநாடிதான். மீதி நேரமெல்லாம் ரயிலைத் தள்ளவும் இழுக்கவும் யாருமில்லை. கிங்டா காவின் பெருமை முழுவதும் அந்த மூன்றரை விநாடியில் இருந்தது. தொல்லை முழுவதும் அங்கேயேதான் இருந்தது.

நீங்கள் ஏறியிருக்கக்கூடிய சாதாரண ரோலர் கோஸ்டரை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரு சங்கிலி ரயிலை 'டக் டக் டக்' என்று மெதுவாக மேட்டுக்கு இழுத்துப் போகும். (அந்தச் சத்தம் சங்கிலியின் சத்தம் இல்லை. நடுவில் சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாதபடி, ஒரு இரும்பு நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழுகிற சத்தம் அது.) மேட்டுக்குப் போனதும் சங்கிலி விட்டுவிடும். பிறகு ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும். உயரத்தில் சேர்த்துவைத்த நிலை ஆற்றல், இறங்க இறங்க இயக்க ஆற்றலாக மாறும். அதாவது முதலில் உயரம், அப்புறம் வேகம்.

கிங்டா கா இதைத் தலைகீழாகச் செய்தது. முதலில் வேகம், அப்புறம் உயரம். தரையிலேயே 3.5 விநாடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தை ரயிலுக்குக் கொடுத்துவிட்டு, "இனி நீயே ஏறிக்கொள்" என்று கைவிட்டுவிடும்.

3.5 விநாடியில் 206 கிலோமீட்டர் வேகம் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கீழே விடுவோம். காற்றின் தடையை மறந்துவிட்டால், அது தரையைத் தொட சுமார் 5.3 விநாடி ஆகும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு 188 கிலோமீட்டர். அப்படியானால், கோபுரத்திலிருந்து விழும் கல்லைவிடக் குறைந்த நேரத்தில், அதைவிட அதிக வேகத்துக்குப் போனார்கள் அந்த ரயிலில் உட்கார்ந்திருந்த 18 பேரும், அதுவும் சமதரையில்! நாற்காலி அவர்கள் முதுகை அழுத்திய விசை, அவரவர் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இந்த வேகத்துக்குத் தேவையான உச்சத் திறன் 20,800 குதிரைத்திறன். நம் விரைவு ரயில்களை இழுக்கிற டபிள்யூ.ஏ.பி.7 மின்சார எஞ்சினின் திறன் 6,000 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் அதிகம். அப்படிப்பட்ட மூன்று எஞ்சின்களைச் சேர்த்தாலும் போதாது! அவ்வளவு மின்சாரத்தை ஒவ்வொரு தடவையும் ஊர் மின்கம்பியிலிருந்து திடீரென்று உறிஞ்ச முடியுமா? உறிஞ்சினால் மின்வாரியம் சும்மா இருக்காது.

குழாயில் தண்ணீர் நூல்போல ஒழுகும் நாளில் என்ன செய்வீர்கள்? வாளியில் பிடித்துவைத்து, நிறைந்ததும் ஒரே மூச்சில் தலையில் கவிழ்த்துக்கொள்வீர்கள் அல்லவா? பொறியாளர்களும் அதைத்தான் செய்தார்கள். அங்கே வாளியின் இடத்தில் இருந்தது நைட்ரஜன் வாயு.

பெரிய உருளைக் கலன்கள் இருக்கும். உள்ளே ஒரு பிஸ்டன். அதன் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். அடுத்த ரயிலில் ஆட்கள் ஏறி உட்காரும் நேரத்தில், பம்புகள் எண்ணெயைக் கலனுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெயை அழுத்திச் சுருக்குவது மிகவும் கடினம், வாயுவைச் சுருக்கலாம். ஆகவே பிஸ்டன் நகர, நைட்ரஜன் நெருக்கப்பட்டுப் பெரும் அழுத்தத்தில் காத்திருக்கும். ஏவும் கணத்தில் வால்வுகள் திறக்கும். நைட்ரஜன் விரிந்து பிஸ்டனைத் தள்ள, எண்ணெய் பீறிட்டுப் பாய்ந்து பல ஹைட்ராலிக் மோட்டார்களைச் சுழற்றும். மோட்டார்கள் ஒரு பெரிய இரும்பு உருளையைச் சுழற்றும். உருளையில் கம்பிவடம் வெகுவேகமாகச் சுற்றிக்கொள்ளும். வடத்தின் மறுமுனையில் ஒரு சறுக்குவண்டி. ரயிலின் அடியிலுள்ள கொக்கி அந்தச் சறுக்குவண்டியோடு கோத்திருக்கும். மூன்றரை விநாடி... விட்டது கொக்கி!

ரயில் பறந்துவிட்டது. சறுக்குவண்டி என்ன ஆகும்? அதுவும் அதே 206 கிலோமீட்டர் வேகத்தில்தானே வந்துகொண்டிருக்கிறது? பாதை முடிவதற்குள் அதைப் பிடித்து நிறுத்தி, மறுபடி பின்னால் இழுத்துப்போய், அடுத்த ரயிலுக்காக வைக்க வேண்டும். நாள் முழுவதும், ஒவ்வொரு ரயிலுக்கும்.

இப்போது ஒரு கணக்கு. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளை மேல்நோக்கி எறிந்தால் எவ்வளவு உயரம் போகும் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: வேகத்தை வேகத்தால் பெருக்கி, 19.6ஆல் வகுக்க வேண்டும். வேகம், விநாடிக்கு எத்தனை மீட்டர் என்ற அளவில் இருக்க வேண்டும். மணிக்கு 206 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு சுமார் 57.2 மீட்டர். பெருக்கி வகுத்தால் விடை கிட்டத்தட்ட 167 மீட்டர். ரயிலின் எடையை நான் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? ஏறும் உயரத்துக்கும் எடைக்கும் இந்தக் கணக்கில் சம்பந்தமில்லை. தள்ளிவிடும் இயந்திரத்துக்குத்தான் எடையைப் பற்றிக் கவலை.

கோபுரமோ 139 மீட்டர். கணக்கு சொல்வது 167. மிச்சம் 28 மீட்டர் எங்கே போயிற்று? காற்றைக் கிழித்துக்கொண்டு போவதில் கொஞ்சம், சக்கரங்களின் உராய்வில் கொஞ்சம், அதிர்விலும் சத்தத்திலும் கொஞ்சம் ஆற்றல் கரைந்தது. கடைசியாக மிஞ்சியதுதான், உச்சியைத் தாண்டும்போது ரயிலிடம் இருந்த வேகம். கிங்டா கா உச்சியில் பெரும்பாலும் தயங்கித் தயங்கித்தான் தாண்டும். பார்க்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

"இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளியிருக்கலாமே?" என்று கேட்கலாம். தள்ளியிருந்தால் ரயில் உச்சி வளைவை அதிவேகத்தில் கடக்கும். அப்போது அது பாதையை விட்டு மேலே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். பாதைக்கு அடியிலும் சக்கரங்கள் இருப்பதால் போய்விடாது. ஆனால் உள்ளே இருப்பவர்களின் தோளைப் பாதுகாப்புக் கம்பிகள் நசுக்கும்; எஃகுக் குழாய்ப் பாதையும் அந்த முரட்டுத்தனத்தை எத்தனை நாள் தாங்கும்? சரி, கொஞ்சம் குறைத்துத் தள்ளினால்? உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் உயரம் நூற்றில் இரண்டு பங்கு குறையும். 167 மீட்டரில் இரண்டு பங்கு என்றால் 3 மீட்டருக்கும் மேல். ஒரு மாடி! எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே ஆபத்துதான்.

அப்படி உச்சிக்குச் சற்றுக் கீழேயே மூச்சு நின்றுபோனால் ரயில் என்ன செய்யும்? வந்த வழியே பின்னால் விழும். உண்மையாகவே சில தடவை விழுந்தது! அதற்குப் பயந்து யாரும் அந்தச் சவாரியை வெறுக்கவில்லை. "நமக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்காதா" என்று ஏங்கியவர்கள்தான் அதிகம். ஏனென்றால், ரயில் பின்னோக்கி விழுவதையும் வடிவமைத்தவர்கள் முன்பே யோசித்து வைத்திருந்தார்கள். ரயில் ஏவப்படும்போது பாதையில் உள்ள பிரேக் தகடுகள் கீழே இறங்கி வழிவிடும். ரயில் கடந்ததும் அவை மேலே எழுந்து காத்திருக்கும். திரும்பி வந்தால் பிடித்துவிடும்.

இந்தப் பிரேக் எதையும் உரசாது. ஒரு பக்கம் வலுவான நிலைக்காந்தங்கள், மறுபக்கம் செம்புக் கலவைத் தகடுகள். இரண்டும் தொடாமல் ஒன்றையொன்று கடக்கும்போது தகட்டுக்குள் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கும். மின்னோட்டம் இருக்கும் இடத்தில் காந்தப்புலமும் உண்டு. இந்தப் புதிய காந்தப்புலம், தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்த்து நிற்கும். வண்டி எவ்வளவு வேகமாக வருகிறதோ, சாதாரணமாக எதிர்ப்பும் அவ்வளவு அதிகம். கரண்ட் போனாலும், கணினி பழுதானாலும், மழையில் நனைந்தாலும் இந்தப் பிரேக் வேலை செய்யும். ஒரே ஒரு குறை: முழுவதுமாக நிறுத்தாது. வேகம் குறையக் குறைய அதன் பலமும் குறைந்துவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கடையில் கிடைக்கும் சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்று போதும். தடிமனான அலுமினியத் தட்டு ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் காந்தத்தைச் சறுக்கவிடுங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஆனாலும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல மெதுவாக இறங்கும். அதே அளவுள்ள ஒரு சாதாரணக் கல்லையோ நாணயத்தையோ விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நியோடிமியம் காந்தத்தைத் தம்பி தங்கைகள் கையில் கொடுக்க வேண்டாம். விழுங்கிவிட்டால் பெரிய ஆபத்து.

பிரேக்கில் பிரச்சினை இல்லை. கோபுரமும் கம்பீரமாகத்தான் நின்றது. சங்கடம் கொடுத்தது அந்த ஏவும் இயந்திரம். திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2005 ஜூன் 8இல் கம்பிவடம் ஓடும் கால்வாய்க்குள் ஒரு போல்ட் உடைந்தது. உள்ளே பதித்திருந்த தகடு கழன்று வடத்தில் சிக்கியது. ஒரே ஒரு போல்ட்! ஆனால் ஆகஸ்ட் 4 வரை சவாரி மூடிக்கிடந்தது. 2009இல் மின்னல் தாக்கியது. அந்தக் கோடையிலும் பல வாரம் பூட்டு. பலத்த காற்றடித்தால் ஓட்டம் இல்லை. மழை பெய்தால் இல்லை. 206 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் படும் மழைத்துளி சும்மா நனைத்துவிட்டுப் போகாது, வலிக்கும்.

இந்த மாதிரி இயந்திரத்தில் வடம் தேயும், எண்ணெய் சூடாகும், வால்வுகள் அடிவாங்கும். ஒவ்வொரு ஏவலிலும் எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் உச்சபட்ச சுமையைத் தாங்க வேண்டும். ஒன்று சுணங்கினாலும் எல்லாம் நின்றுவிடும். பூங்கா நிர்வாகம் சொன்ன காரணம், புதிய சவாரிகளுக்கு இடம் வேண்டும் என்பது. அதையும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நன்றாக ஓடுகிற, கூட்டத்தை இழுக்கிற ஒரு உலக சாதனைச் சவாரியை இடத்துக்காக மட்டும் யாராவது இடிப்பார்களா? பராமரிப்புப் பட்டறையில் வேலை செய்தவர்களின் அலுப்பும் அந்த முடிவில் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

2025 பிப்ரவரி 28 காலையில் கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்தார்கள். 2014இல் அதே கோபுரத்தில் பொருத்திய சூமான்ஜாரோ என்ற செங்குத்துச் சவாரியும் அதோடு போனது. வெடிமருந்து அவ்வளவு பெரிய கோபுரத்தைத் தூள்தூளாக்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். எஃகு தூளாகாது. இந்த மாதிரி எஃகுக் கட்டுமானங்களில், தூண்களின் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெடிமருந்தைக் கட்டுவார்கள். அது கத்திபோலத் தூணை அறுத்துவிடும். கால் போன கோபுரத்தைக் கீழே தள்ளும் பெரிய வேலையை ஈர்ப்பு விசை செய்துவிடும். கட்டும்போது பாரந்தூக்கிகள் ஒவ்வொரு துண்டாக மேலே ஏற்றினவே, அப்போது அந்த எஃகுக்குள் சேர்ந்த நிலை ஆற்றல் இருபது ஆண்டாக அங்கேயே காத்திருந்தது. அது மொத்தமும் சில விநாடிகளில் செலவாகிவிட்டது.

கிங்டா காவுக்கு ஓர் அக்கா உண்டு. ஒஹாயோ மாநிலத்தில் சீடர் பாயிண்ட் பூங்காவில், 2003இல் பிறந்த டாப் த்ரில் டிராக்ஸ்டர். 128 மீட்டர் உயரம். அதே எண்ணெய், அதே நைட்ரஜன், அதே கம்பிவடம். 2021 ஆகஸ்டில் ரயிலிலிருந்து கழன்ற ஒரு உலோகத் துண்டு, வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணின் தலையில் பட்டுப் பலத்த காயம் ஏற்பட்டது. அத்தோடு அந்தச் சவாரி நின்றது. ஆனால் கோபுரத்தை இடிக்கவில்லை. எண்ணெய் இயந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ஏவும் பாதை நெடுகிலும் மின்காந்தச் சுருள்களைப் பதித்தார்கள். ரயில் நெருங்க நெருங்க ஒவ்வொரு சுருளாக உயிர்பெற்று, ரயிலிலுள்ள காந்தங்களை முன்னால் இழுத்துத் தள்ளும். வடம் இல்லை, கொக்கி இல்லை, சறுக்குவண்டி இல்லை.

இதைவிடப் பெரிய தந்திரம் ஒன்றையும் செய்தார்கள். வேகம் முழுவதையும் ஒரே தள்ளில் கொடுக்காமல் மூன்று தள்ளாகப் பிரித்தார்கள். முதல் தள்ளில் ரயில் கோபுரத்தில் பாதிகூட ஏறாது. பின்னால் உருண்டு வரும். அப்போது, வரும் திசையிலேயே இன்னொரு தள்ளு. பின்பக்கம் புதிதாக நிறுத்திய 128 மீட்டர் செங்குத்துப் பாதையில் பின்னோக்கி ஏறும். அங்கிருந்து விழுந்து முன்னால் வரும்போது மூன்றாவது தள்ளு. இப்போது உச்சியைத் தாண்டிவிடும். ஒரு காலத்தில் கோளாறாக இருந்த பின்னோட்டம், இப்போது டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் கிடைக்கிறது! டாப் த்ரில் 2 என்று பெயர் மாற்றி 2024 மே மாதம் திறந்தார்கள். சில நாளிலேயே ரயில் வண்டிகளில் கோளாறு கண்டு மூடி, 2025இல்தான் மறுபடி ஓட்டினார்கள். புது இயந்திரம் என்றால் ஆரம்பக் கோளாறுகள் இருக்கத்தான் செய்யும்.

சவூதி அரேபியாவில் ரியாத் பக்கத்திலுள்ள கித்தியாவில் எழுந்திருக்கும் ஃபால்கன்ஸ் ஃபிளைட் என்ற ரோலர் கோஸ்டரும் மின்காந்தச் சுருள்களால் ஓடுவதுதான். அதற்காகக் குறித்த வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். பாதையின் நீளம் 4 கிலோமீட்டருக்கும் மேல்.

எண்ணெயும் நைட்ரஜனும் தள்ளுகிற தள்ளு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையா? அபுதாபியில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் ஃபார்முலா ரோசாவில் ஏறியிருக்கிறாரா என்று கேளுங்கள். அதுவும் கிங்டா கா குடும்பம்தான். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம். பாலைவன மணலும் பூச்சியும் கண்ணில் அடிக்காமலிருக்க, ஏறுகிற எல்லோருக்கும் கண்ணாடி மாட்டிவிடுவார்கள்.